தேய்மானமா? அளந்து காட்டச் சொல்லுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எல்லோரும் வாரண்டி அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். அதைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால்தான் சங்கடம். இன்று எடுத்துப் பாருங்கள். பொடி எழுத்தில் எங்கோ ஒரு வரி இருக்கும்: சாதாரண உபயோகத்தினால் ஏற்படும் தேய்மானத்திற்கு வாரண்டி கிடையாது. லேப்டாப் பேட்டரி, பிரின்டர் கார்ட்ரிட்ஜ் போன்றவை இந்த வரிக்குள் வந்து விடும். பெரும்பாலான கார் வாரண்டிப் புத்தகங்களிலும் இதே வரி உண்டு. அங்கே பிரேக் பேட், கிளட்ச், வைப்பர் ஆகியவை மாட்டிக் கொள்ளும்.

அந்த வரி அநியாயமானது என்று நான் சொல்லவில்லை. பிரேக் பேட் தேய்வதற்காகவே செய்யப்பட்ட பொருள். அது தேயவில்லை என்றால் கார் நிற்காது. பென்சில் தேய்ந்துவிட்டது என்று கடைக்காரரிடம் புதுப் பென்சில் கேட்க முடியுமா? என் சண்டை வேறு. தேய்மானம் என்பது மில்லிமீட்டரில் அளக்கக்கூடிய ஒன்று. சர்வீஸ் சென்டரில் யாரும் அளப்பதில்லை, வாயால் சொல்லிவிட்டு பில் போடுகிறார்கள். பொருள் தேய்ந்ததா, பழுதானதால் தேய்ந்ததா என்பது இரண்டு வேறு கேள்விகள். முதலாவதற்கு நாம் பணம் கட்ட வேண்டும். இரண்டாவதற்கு அவர்கள் பொறுப்பேற்க வேண்டும்.

கம்ப்யூட்டர் இதழில் எதற்கு பிரேக் புராணம் என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. தேய்மானத்தைக் கண்ணால் பார்த்து, கையால் அளந்து கற்றுக்கொள்ள பிரேக்கைப் போல எளிதான பாகம் வேறில்லை. அதைப் புரிந்துகொண்டால் லேப்டாப் பேட்டரியும் புரிந்துவிடும்.

சக்கரத்துடன் சேர்ந்து ஒரு வார்ப்பிரும்புத் தட்டு சுற்றுகிறது. அதுதான் டிஸ்க். சிலர் ரோட்டார் என்பார்கள். பிரேக்கை மிதித்தால் காலிப்பர் என்ற இடுக்கி, உள்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாக இரண்டு பேடுகளை இந்தத் தட்டின் மேல் அழுத்துகிறது. புதிய பேடில் உராயும் பகுதி சுமார் 10 முதல் 12 மி.மீ. இருக்கும். 3 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவது நல்லது. டிஸ்க்கும் தேயும், ஆனால் மெதுவாக. இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. எந்தத் தடிமனுக்குக் கீழே போனால் டிஸ்க்கைத் தூக்கி எறிய வேண்டும் என்பதைத் தயாரித்தவரே பெரும்பாலும் டிஸ்க்கின் மேலேயே பொறித்திருப்பார். 22 மி.மீ. தடிமனுள்ள டிஸ்க்கில் குறைந்தபட்சம் 20 மி.மீ. என்று இருக்கலாம். மொத்தமே 2 மி.மீ. விளையாட்டுதான். 'டிஸ்க் போச்சு சார்' என்று யாராவது சொன்னால், நாம் கேட்க வேண்டியது இரண்டே எண்கள். பொறித்திருப்பது என்ன, இப்போது இருப்பது என்ன?

அளப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. டிஸ்க்கின் வெளி விளிம்பில் பேட் படாது, ஆகவே அங்கே தேயாமல் ஒரு வரப்பு நிற்கும். சாதாரண வெர்னியர் காலிப்பரை அப்படியே வைத்தால் அந்த வரப்பைத்தான் அளக்கும், தேய்ந்த டிஸ்க்கும் புதிது போலக் காட்டும். மைக்ரோமீட்டரால் உள்பக்கத்தில் பல இடங்களில் அளக்க வேண்டும்.

என் சித்தப்பாவின் கார் இதற்கு நல்ல உதாரணம். வாங்கி இரண்டு வருடம் ஆகவில்லை, 14,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. முன் சக்கரத்தில் இரும்பை இரும்பு அறுக்கும் சத்தம். சர்வீஸ் சென்டரில் இரண்டு டிஸ்க், நான்கு பேடு எல்லாம் மாற்ற வேண்டும், தேய்மானம் என்பதால் வாரண்டி வராது என்றார்கள். கூடவே, 'நீங்க பிரேக்கை ரொம்ப மிதிக்கறீங்க சார்' என்று ஒரு அறிவுரை. சித்தப்பா முப்பது வருடமாக வண்டி ஓட்டுபவர். அவருக்குக் கோபம் பில்லை விட இந்த வார்த்தையில்தான்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. இரண்டு சக்கரத்தையும் கழற்றி, நான்கு பேடுகளையும் அளந்து, ஜாப் கார்டில் எழுதுங்கள் என்றேன். சூப்பர்வைசர் முதலில் முகம் சுளித்தார், பிறகு ஆளை அனுப்பினார். வலது பக்கம் இரண்டு பேடிலும் 7 மி.மீ. மிச்சம் இருந்தது. இடது பக்கம் உள் பேடில் உராயும் பகுதியே இல்லை. அதன் வெளி பேடில் 6 மி.மீ. இருந்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஓட்டுபவர் ஒருவர், மிதிக்கும் பெடலும் ஒன்று. அழுத்தப்பட்ட திரவம் எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தத்தைக் கொடுக்கும் என்று பள்ளிக்கூடத்தில் பாஸ்கல் விதி படித்தோமே, அதேதான் இங்கும். அதிகமாக மிதித்திருந்தால் நான்கு பேடுகளும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தேய்ந்திருக்க வேண்டும். உள் பேட் கொஞ்சம் கூடத் தேய்வது சகஜம். ஆனால் ஒன்று மட்டும் அடியோடு காலியாகி, மற்றவை பாதிக்கு மேல் இருந்தால் அது ஓட்டுபவரின் கால் செய்த வேலை இல்லை. காலிப்பர் நகர்வதற்கு உதவும் பின்கள் இறுகிப் போயிருக்க வேண்டும், அல்லது பிஸ்டன் திரும்பி வராமல் சிக்கியிருக்க வேண்டும். சித்தப்பாவின் காரில் பின் இறுகியிருந்தது. சர்வீஸ் முழுவதும் அங்கேயே செய்திருந்ததால், வெளியில் யாரோ கை வைத்தார்கள் என்றும் சொல்ல வழியில்லை. கடைசியில் காலிப்பர் வேலையும் இரண்டு டிஸ்க்குகளும் வாரண்டியில் போயின. பேடுகளுக்கு சித்தப்பா பணம் கட்டினார். பேடுக்கும் சண்டை போட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். அவர் விட்டுவிட்டார்.

ஆனால் எல்லாச் சண்டையிலும் நம் பக்கமே நியாயம் இருக்காது. பிரேக் போடும்போது ஸ்டியரிங் உதறினால் 'டிஸ்க் வளைந்துவிட்டது, மட்டமான இரும்பு' என்று நாம் குதிக்கிறோம். பெரும்பாலும் அது வளைவே இல்லை. டிஸ்க்கின் தடிமன் சுற்றிலும் ஒரே சீராக இல்லாமல் போவதுதான். இரண்டு இடங்களுக்கு இடையே 0.02 மி.மீ. வித்தியாசம் வந்தாலே உதறல் தெரியலாம். நம் பிரின்டரில் போடும் ஏ4 தாளின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு! டிஸ்க்கிற்கும் அதைத் தாங்கும் ஹப்புக்கும் இடையே துரு இருந்தாலோ, சக்கரத்தின் நட்டுகளை ஒரே சீராக முடுக்காவிட்டாலோ கூட இது வரும். போன மாதம் பஞ்சர் கடையில் அவசரமாக நட்டு முடுக்கியதற்குக் கார் கம்பெனி எப்படிப் பொறுப்பாகும்?

சர்வீஸ் சென்டரில் அடிக்கடி சொல்லப்படும் இன்னொரு வாக்கியம், 'கம்ப்யூட்டர்ல ஸ்கேன் பண்ணிப் பார்த்தோம், எந்த எர்ரரும் இல்லை'. சாப்ட்வேர் துறையில் இருப்பவன் என்ற முறையில் இதை மட்டும் என்னால் பொறுக்க முடியாது. எர்ரர் வர வேண்டும் என்றால் அதைக் கவனிக்க ஒரு சென்சார் இருக்க வேண்டும். டிஸ்க்கின் தடிமனை அளக்கும் சென்சார் சாதாரணக் கார்களில் இல்லை. பேட் தேய்ந்ததைச் சொல்லும் மின் கம்பி சில கார்களில் உண்டு, பலவற்றில் அதுவும் இல்லை. பார்க்காத இடத்தைப் பற்றி கம்ப்யூட்டர் எதுவும் சொல்லாது. எர்ரர் இல்லை என்பதற்கு, பழுது இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது.

ஒருவர் சொல்லும்போது 'உங்கள் ஓட்டும் முறை அப்படி' என்று ஒதுக்குவது சுலபம். பலர் எண்களுடன் வந்தால் அப்படிச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 2008 முதல் 2010 வரையிலான மாடல் ஹோண்டா அக்கார்ட் கார்களில் பின் சக்கர பேடுகள் சீக்கிரமே தேய்ந்துவிடுவதாக உரிமையாளர்கள் கூட்டு வழக்குப் போட்டார்கள். 2010-ல் அது சமரசத்தில் முடிந்தது. பேடுகளை மாற்றிய செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. பேட் தேயும் பொருள்தான். ஆனாலும் எவ்வளவு சீக்கிரம் தேயலாம் என்ற கேள்வி அங்கே எழுந்தது.

சரி, உங்கள் மேசைக்கு வருவோம். லேப்டாப் சார்ஜ் நிற்கவில்லை என்று கொண்டு போனால் அங்கேயும் 'பேட்டரி தேய்மானம்' என்பார்கள். விண்டோஸிலேயே அளவுகோல் இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ஆங்கிலத்தில் பவர் என்ற சொல்லையும் அதை ஒட்டி இடைவெளியில்லாமல் சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகளையும் டைப் செய்யவும். பின் ஒரு இடைவெளி, ஒரு சாய்கோடு, அதை ஒட்டி பேட்டரி ரிப்போர்ட் என்பதை ஒரே சொல்லாக டைப் செய்து என்டர் தட்டவும். ஒரு ரிப்போர்ட் பைல் உருவாகி, அது எந்த போல்டரில் இருக்கிறது என்றும் திரையில் காட்டும். திறந்தால் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று இரண்டு எண்கள் கிடைக்கும். முதலாவது டிஸ்க்கின் புதுத் தடிமன் மாதிரி, இரண்டாவது இன்றைய தடிமன் மாதிரி. சில லேப்டாப்களில் எத்தனை முறை சார்ஜ் சுற்று முடிந்தது என்பதும் இருக்கும். எட்டு மாதத்தில், சில பத்து சுற்றுகளிலேயே பாதியாகிவிட்ட பேட்டரியைத் தேய்மானம் என்று நான் ஏற்க மாட்டேன். எஸ்.எஸ்.டி. டிஸ்க்கில் நிலைமை இன்னும் தெளிவு. இத்தனை ஆண்டு அல்லது இத்தனை டெராபைட் எழுதும் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை வாரண்டி என்று பல நிறுவனங்கள் எண்ணிலேயே சொல்லிவிடுகின்றன. இதுவரை எவ்வளவு எழுதியிருக்கிறோம் என்பதை கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவசப் புரோகிராம் காட்டிவிடும். கார் கம்பெனிகளும் பேடுக்கு இப்படி ஒரு எண் சொன்னால் என்ன என்பது என் ஆதங்கம்.

அதுவரை நாமே எண்களைச் சேர்த்து வைப்போம். எக்ஸெல்லில் ஒரு ஷீட் திறந்து தேதி, கிலோமீட்டர், நான்கு பேடுகளின் அளவு, டிஸ்க்கின் அளவு, அளந்தவர் என்று தலைப்பிடவும். ஒவ்வொரு சர்வீஸிலும் கேட்டு நிரப்பவும். 11 மி.மீ. பேட் 20,000 கிலோமீட்டரில் 6 மி.மீ. ஆனது என்றால், ஒரு மி.மீ.க்கு 4,000 கிலோமீட்டர். 3 மி.மீ. வரை போக இன்னும் 12,000 இருக்கிறது. அதற்குள் யாராவது மாற்றச் சொன்னால் காரணம் கேளுங்கள். பில்களை ஸ்கேன் செய்து அதே போல்டரில் போடவும். போட்டோ எடுத்தால் மொபைலில் இருந்து கேபிள் வழியாகவே காப்பி செய்யவும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால், எடுத்த தேதி உள்ளிட்ட விவரங்கள் படத்துக்குள்ளிருந்து நீங்கிவிடும்.

சர்வீஸ் சென்டர் மறுத்தால், மறுத்த காரணத்தையும் அளவுகளையும் ஈமெயிலில் கேளுங்கள். வாயால் சொன்னது நிற்காது. அதற்கும் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. 2025 ஜனவரியில் தொடங்கிய இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்தே புகாரைப் பதியலாம். பரிசோதிக்காமல் குறையைக் கண்டறிய முடியாது என்றால் பொருளைத் தகுந்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப அந்தச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. கழற்றிய பழைய பேடையும் டிஸ்க்கையும் சர்வீஸ் சென்டரிலேயே விட்டுவிட்டு வந்தால் எதை அனுப்புவார்கள்? காரில் ஏற்றும் வரை அங்கிருந்து நகராதீர்கள்.