ஒரு துண்டுச் சீட்டு போதுமா?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒரு பிரசவ அறை. குறைமாதத்திலேயே வலி கண்டுவிட்ட அந்தப் பெண்ணின் வயிற்றில் இரட்டைக் குழந்தைகள். அவருக்கும் கணவருக்கும் காது கேட்காது. அவர்கள் பேசுவது சைகை மொழி. அந்த மொழியைப் பேச்சாக மாற்றிச் சொல்ல அறையில் ஒருவரும் இல்லை. குழந்தைகளில் ஒன்றின் இதயத் துடிப்பு குறைந்துவிட்டது என்று நர்ஸ் ஜாடை காட்டினார். ஏன் குறைந்தது, அடுத்து என்ன செய்யப் போகிறார்கள் என்பதெல்லாம் ஜாடைக்குள் அடங்கும் விஷயமா? பிறந்த இரண்டு பெண் குழந்தைகளையும் உடனே வெளியே கொண்டு போய்விட்டார்கள். குழந்தைகள் நலம் என்று ஒரு சீட்டில் எழுதிக் காட்டினார்கள். தாய்க்குக் கிடைத்த விளக்கம் அவ்வளவுதான்.

தம்பதி கோர்ட்டுக்குப் போனார்கள். அவர்களைப் போலவே காது கேளாத இன்னொரு நோயாளியும் சேர்ந்துகொண்டார். எல்ட்ரிட்ஜ் வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் இடம் பிடித்துவிட்ட அந்த வழக்கு கீழ் கோர்ட்டில் தோற்றது. மேல்முறையீட்டிலும் தோற்றது. 1997 அக்டோபரில் கனடா உச்ச நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது. எல்லோருக்கும் இலவச சிகிச்சை என்று அரசு அறிவித்த பிறகு, அந்தச் சிகிச்சையைக் காது கேளாதவரும் மற்றவர்களைப் போலப் பெற வழி செய்ய வேண்டும். மொழிபெயர்ப்பாளரைத் தர மறுப்பது சமத்துவ உரிமையை மீறுவது என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள்.

செலவுக் கணக்கையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. மாகாணம் முழுவதற்கும் மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்த ஆகும் செலவு ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் டாலர். மாகாணத்தின் சுகாதார பட்ஜெட்டில் இது ஏறக்குறைய 0.0025 சதவீதம். அதாவது ஒரு லட்சம் ரூபாயில் இரண்டரை ரூபாய்.

கனடா கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். இந்தியாவில் ஒரு தாய் இவ்வளவு தூரம் வழக்காட வேண்டியதில்லை. காகிதத்தில் எல்லாமே இருக்கிறது. மாற்றுத் திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-லேயே ஏற்றுக்கொண்டது. 2016-ல் வந்த மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25-வது பிரிவு, அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் தடையற்ற வசதி வேண்டும் என்கிறது. தடை என்றால் படிக்கட்டு மட்டுமல்ல, தகவல் பரிமாற்றத்தில் வரும் தடையும் அதில் சேரும் என்று சட்டமே விளக்கம் சொல்கிறது. பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கும் சேய்க்கும் தர வேண்டிய கவனிப்பும் அதே பிரிவில் வருகிறது.

2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் செவித்திறன் குறைந்தோர் சுமார் 50 லட்சம் பேர். இவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் பெண்கள். சக்கர நாற்காலிக்காக வாசலில் சாய்தளம் கட்டும் மருத்துவமனைக்குக்கூட இவர்களுக்கு என்ன கட்டுவது என்று தெரிவதில்லை.

பிரசவ அறை என்பது குரலால் நடக்கும் இடம். ‘முக்கு’, ‘நிறுத்து’, ‘மூச்சை இழு’ எல்லாமே சத்தமாகச் சொல்லப்படுகிறவை. சொல்பவரின் வாயை முகக்கவசம் மறைத்திருக்கிறது. கவசம் இல்லாவிட்டாலும் உதட்டைப் படிப்பது பாதி ஊகம்தான். கண்ணாடி முன்னால் நின்று ‘பாடு’, ‘மாடு’ என்று சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தால் புரியும். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் அசைகிறது.

எழுதிக் காட்டினால் போதாதா? படித்தவருக்கு ஓரளவு உதவும். ஆனால் இந்திய சைகை மொழி என்பது தமிழையோ ஹிந்தியையோ கையால் எழுதிக் காட்டுவதல்ல. அதற்குத் தனி இலக்கணம் உண்டு. சைகை மொழியிலேயே வளர்ந்து, சரியான பள்ளிப் படிப்பு கிடைக்காத ஒரு பெண்ணிடம் சிசேரியன் சம்மதப் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினால், அது சம்மதம் ஆகிவிடுமா?

இந்த இடத்தில்தான் மாமியாரோ நாத்தனாரோ மொழிபெயர்ப்பாளர் ஆகிறார்கள். டாக்டர் ஐந்து நிமிடம் பேசுவார். மாமியார் தலையாட்டுவார். மருமகளுக்கு வந்து சேர்வது “ஆபரேஷன், பயப்படாதே” என்ற இரண்டு ஜாடை. முன்பு கருச்சிதைவு ஆனதா, காப்பர்-டி பொருத்தலாமா என்ற கேள்விகளும் அதே மாமியார் வழியாகத்தான் போய்வர வேண்டும். சம்மதமில்லாமல் கருத்தடை செய்யக் கூடாது என்று 2016 சட்டத்தின் 10-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. யாருடைய சம்மதம் என்பதில் சட்டத்துக்குச் சந்தேகமில்லை. வார்டில்தான் சந்தேகம்.

பிரசவத்தின்போது கூடவே ஒரு துணை இருக்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ல் அரசு மருத்துவமனைகளுக்கு வழி திறந்துவிட்டது. ஆனால் அந்தத் துணை பொதுவாகப் பெண்ணாகவே இருப்பார். வீட்டில் சைகை மொழி அறிந்தவர் கணவர் ஒருவரே என்றால், அவர் பெரும்பாலும் கதவுக்கு வெளியேதான் நிற்பார்.

ஆபரேஷன் தியேட்டரில் நிலைமை இன்னும் மோசம். சிசேரியன் மேஜையில் கைகளை இரு பக்கமும் நீட்டிப் பட்டையால் கட்டுவது உண்டு. டிரிப்ஸ் ஊசியும் கையில்தான் ஏறும். மற்ற பெண்களுக்கு இது சின்ன அசௌகரியம். கையால் பேசுகிறவருக்கோ வாயைக் கட்டுவதற்குச் சமம். ஊசியை இடது கையில் போட்டு வலது கையை விட்டுவைக்கலாமா என்று யோசிக்க, அந்தக் கை எதற்குப் பயன்படுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

குழந்தை பிறந்த பிறகு சந்தேகம் தாயின் மீதே திரும்புகிறது. குழந்தை அழுதால் இவளுக்கு எப்படித் தெரியும்? குல்சார் 1972-ல் இயக்கிய ‘கோஷிஷ்’ படமும், அதைத் தழுவி 1977-ல் கமல்ஹாசன், சுஜாதா நடித்து வந்த ‘உயர்ந்தவர்கள்’ படமும் பார்த்தவர்களுக்கு இந்தப் பயம் புரியும். ‘கோஷிஷ்’ தம்பதி தங்கள் முதல் குழந்தையைப் பறிகொடுக்கிறார்கள். அதன் அழுகை அவர்களை எட்டவில்லை. ஆனால் குழந்தை மருத்துவம் சொல்வது வேறு. பசிக்கு அழுகை முதல் அடையாளம் அல்ல, கடைசி அடையாளம். அதற்கு முன்பே குழந்தை வாயைத் திறந்து தலையைத் திருப்பித் தேடும். கையை வாய்க்குக் கொண்டு போகும். இவை எல்லாம் கண்ணால் பார்க்கிற விஷயங்கள். குழந்தையின் மீது ஒரு கையை வைத்தபடி தூங்கும் தாய்க்கு அதன் அசைவே தகவல். அழுகையை விளக்கு வெளிச்சமாகவும் அதிர்வாகவும் மாற்றித் தரும் கருவிகளும் வந்துவிட்டன. தாய்க்குத் தேவை இதைச் சொல்லித் தர ஒரு ஆள்.

குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட்டால் தூரம் கூடிவிடுகிறது. பால் கொடுக்க வரச் சொல்லி வராந்தாவில் பெயரைக் கூவுவார்கள். பெயர் காதில் விழாத தாய் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார். வராதவர் என்று பெயர் எடுப்பார்.

அடுத்த கேள்வி: குழந்தைக்குக் காது கேட்குமா? காது கேளாத பெற்றோருக்குப் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு நன்றாகவே கேட்கும். ‘கோஷிஷ்’ படத்தில் இரண்டாவது குழந்தை கிலுகிலுப்பையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பெற்றோர் பதறிப் போய் டாக்டரிடம் ஓடுகிறார்கள். கோளாறு குழந்தையிடம் இல்லை, கிலுகிலுப்பைக்குள் மணியே இல்லை! இன்று தூங்கும் குழந்தையின் காதில் சிறு முனையைச் செருகிச் சில நிமிடங்களில் சோதித்துவிடலாம். ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் நோய் நிர்ணயம், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலகம் ஏற்றுக்கொண்ட கால அளவு. ஆனால் முடிவைத் தாய்க்குப் புரியும் மொழியில் சொல்லாவிட்டால், அடுத்த சோதனைக்கான தேதி அட்டையிலேயே தங்கிவிடும்.

வழி இல்லாமல் இல்லை. 2015-ல் டெல்லியில் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் தொடங்கப்பட்டது. 2021-ல் அதன் அகராதி 10,000 சொற்களைத் தொட்டது. மருத்துவச் சொற்களும் அதில் உண்டு. 2023-ல் காது கேளாத ஒரு வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் உதவியுடன் வாதாடினார். பிறகு நீதிமன்றமே அவருக்காக ஒருவரை ஏற்பாடு செய்தது. கோர்ட்டில் முடிகிற காரியம் லேபர் வார்டில் முடியாதா? ஊருக்கு ஊர் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பது கஷ்டம்தான். ஆனால் செல்போனில் வீடியோ அழைப்புக்கு ஊர் எல்லை கிடையாது. பிரசவத் தேதி பல மாதங்களுக்கு முன்பே தெரிந்துவிடுவதால், ஏற்பாடு செய்ய அவகாசமும் இருக்கிறது.

தொடங்க வேண்டிய இடம் முதல் செக்கப். கர்ப்பிணிகளுக்குத் தரும் தாய்-சேய் அட்டையில் ரத்த வகையைக் குறிக்க இடம் இருக்கிறது. அதன் பக்கத்தில் ‘தாயின் மொழி’ என்று இன்னொரு கட்டம் போட அச்சுக்கூலி எவ்வளவு ஆகிவிடும்?