கூதிர்க்காலமும் உள்ளத்தின் கூறுகளும்

பருவம் மாறுங்கால் உடலேயன்றி உள்ளமும் மாறுதலுறும் என்பது யாவரும் அறிந்ததே. வடபுல நாடுகளிற் குளிர்காலத்தே கதிரொளி குன்றுதலாற் சிலரைப் பற்றும் மனச்சோர்வை, நார்மன் ரோசந்தால் என்னும் மருத்துவரும் அவர்தம் தோழரும் 1984ஆம் ஆண்டில் ஆராய்ந்து விளக்கினர். இலண்டன் மாநகரில் மார்கழித் திங்களின் மிகக் குறும்பகல் 8 மணி நேரத்திற்கும் குறைவு; நம் திருமுல்லைவாயிலிலோ அது 11 மணி நேரத்திற்கும் மேற்பட்டது. ஆதலின் அந்நோயை அவ்வாறே ஈண்டுப் பொருத்திக் கூறுதல் தகாது.

எனினும், நமக்கும் ஒரு கூதிர்க்காலம் உண்டு. 2015, 2023ஆம் ஆண்டுகளின் டிசம்பர்த் திங்களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வெள்ளத்துள் நின்றதைக் கண்டோர், முகில் இருண்ட மாத்திரத்தே நெஞ்சம் துணுக்குறுவதற்கு வியவார். கல்லூரித் தேர்வுகளும் பெரும்பாலும் இம்மழைநாட்களையே ஒட்டி வருவன.

இத்தகைய சோர்வுக்கு ஏற்றதொரு முறையை, அமெரிக்க நாட்டு உளநல அறிஞர் ரிச்சர்டு சுவார்ட்ஸ் 1980ஆம் ஆண்டுகளில் வகுத்தனர். அவர் கூற்றுப்படி, உள்ளம் ஒரு குடும்பம் போல்வது. அதனுள் ஒரு கூறு முன்னின்று ஏவிக் கடிந்துகொள்ளும்; ஒரு கூறு துயர் மூண்டவழி உறக்கத்தாலோ உணவாலோ அதனை அவிக்க விரையும்; ஒரு கூறு பழம்புண்ணைச் சுமந்து மறைந்துறையும். இவையனைத்தையும் அமைதியுடன் கேட்கவல்ல 'தான்' ஒன்றும் உளது. எக்கூறும் பகையன்று, ஒவ்வொன்றும் நம்மைக் காத்தற்பொருட்டே தன் தொழிலை மேற்கொண்டது என்பதே இம்முறையின் உயிர்நிலை.

தமிழர்க்கு இது முற்றும் புதிதன்று. 'நெஞ்சொடு கிளத்தல்' என ஓர் அதிகாரமே வகுத்தனர் வள்ளுவர். இன்னும், நம்மூர்த் தலவரலாற்றினை நோக்குமின். யானையின் காலைப் பிணித்த முல்லைக்கொடியைத் தொண்டைமான் வாளால் வெட்டினன், குருதி பெருகிற்று, கொடியின் அடியில் இலிங்கம் இருந்தமை கண்டு நடுங்கினன் என்பர். நம்மைத் தடுக்கும் கூற்றினை வெட்டுமுன், அஃது எதனைப் போர்த்து நிற்கின்றது என வினவுதல் அறிவுடைமையன்றோ!

'இது சோம்பலுக்கு இடங்கொடுப்பதாகாதோ?' என்பார் உளர். கேட்டல் வேறு, கீழ்ப்படிதல் வேறு. மழைநாட்காலையில் எழமாட்டாத மாணாக்கன் தன்னைத்தானே வைதுகொள்ளுந்தோறும் அச்சோர்வு மிகுமேயன்றிக் குறையாது. 'நான் எழுந்தால் நீ அஞ்சுவது யாது?' என அதனையே வினவுவானாயின், 'தேர்வில் தோற்றல்' என்னும் விடை வரக்கூடும். அச்சம் இன்னதெனத் தெரிந்தபின், அன்றைக்கு ஒரு பாடத்தையேனும் தொடங்குதல் எளிதாம்.

நிற்க. இம்முறைக்குரிய சான்றுகள் இன்னும் சிலவே. மூட்டுவாத நோயாளரிடை நடத்தப்பெற்று 2013இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அவர்தம் மனச்சோர்வு தணிந்தமை காட்டிற்று. ஆயினும், இல்லாத குரல் கேட்போரும், உயிர்விடும் எண்ணம் உடையோரும் இதனைத் தனித்துப் பயிலாது, மருத்துவரை உடனே நாடுதல் வேண்டும். 2022ஆம் ஆண்டு அக்டோபரில் அரசினர் தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசித் துணை, 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றிக் கிடைக்கும்.

ஆசிரியப் பெருமக்களும் விடுதித் தோழரும், இம்மழைக்காலத்தே வாடிய முகம் ஒன்றைக் காணின், 'சோம்பேறி' எனும் சொல்லை விடுத்து, 'உன்னுள் எது அஞ்சுகின்றது?' என வினவுவாராக. அவ்வொரு வினாவினால் ஓர் இளைஞனேனும் மருத்துவர்பால் உரிய காலத்திற் சென்றடைவானாயின், அதுவே பெரும்பேறாகும்.