யார் போட்ட பட்டியல்?

ஆண்டுதோறும் பொங்கல் கழிந்ததும் நம் செயற்குழுவில் ஒரு கேள்வி எழும். இந்த ஆண்டு குடும்பச் சுற்றுலாவுக்கு எங்கே போவது? ஒருவர் ஊட்டி என்பார். ஒருவர் மேல்மருவத்தூர் என்பார். இம்முறை ஓர் இளைஞர் தம் கைப்பேசியில் ஒரு பட்டியலை எடுத்துக் காட்டினார். உலகில் கட்டாயம் பார்த்தே தீரவேண்டிய இடங்களாம். பாரிஸ், ரோம், நியூயார்க் என்று வரிசையாக அடுக்கியிருந்தார்கள். "மேஸ்திரிகிட்ட ஒரு நாள் லீவு வாங்கவே முடியல, இதுல பாரிசுக்கு எங்க போறது?" என்றார் ஒரு தாயார். கூட்டமே சிரித்தது.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் அதற்குள் இருந்த கேள்வி நம் முன் நின்றது. இந்தப் பட்டியலைப் போடுகிறவர் யார்? யாருக்காகப் போடுகிறார்? நம் பிள்ளைகள் எதைப் பார்த்து வளரவேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமையை நாம் யாரிடம் கொடுத்திருக்கிறோம்?

இலங்கை முதலிடம், மைசூர் நான்காம் இடம்

பட்டியல் போடுவது புதிய பழக்கம் அல்ல. பழைய உலகின் ஏழு அதிசயங்களைத் தொகுத்தவர்கள் கிரேக்கர்கள். தங்கள் கப்பலும் வணிகமும் எட்டிய தூரம்தான் அவர்களுக்கு உலகம். காவிரிக்கரை அந்த உலகில் இல்லை. பார்க்கிறவன் எங்கே நிற்கிறான் என்பதைப் பொறுத்தே பட்டியல் அமைகிறது.

நம் ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 2010 ஜனவரியில் அமெரிக்காவின் நியூயார்க் டைம்ஸ் நாளேடு அந்த ஆண்டில் போகவேண்டிய 31 இடங்களை வெளியிட்டது. அதில் நான்காம் இடம் மைசூருக்கு. யோகா பயில வரும் வெளிநாட்டவரால் கிடைத்த பெருமை அது. நகரமே மகிழ்ந்தது. நாமும் மகிழ்ந்தோம்.

ஆனால் அதே பட்டியலில் முதலிடம் எந்த நாட்டுக்குத் தெரியுமா? இலங்கைக்கு. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து எட்டு மாதம்கூட நிறையவில்லை. செட்டிகுளத்தில் மெனிக் பார்ம் முகாமின் முள்வேலிக்குப் பின்னால் பல்லாயிரம் தமிழர்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். அந்த ஜனவரியில்தான், போர் ஓய்ந்துவிட்டது, கடற்கரைக்கு வாருங்கள் என்று உலகுக்கு அழைப்பு விடுத்தது அந்தப் பட்டியல்.

எழுதியவர் கெட்ட எண்ணத்தோடு எழுதினார் என்று நாம் சொல்லவில்லை. அவர் தேடியது மணலும் வெயிலும் விடுதியும். அவை அங்கே இருந்தன. முகாமில் இருந்தவர்கள் அவர் தேடிய பொருளில் சேரவில்லை, அவ்வளவுதான். பிறர் போட்ட பட்டியலை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

அரண்மனையைப் பார்ப்போம், கேள்வியும் கேட்போம்

மைசூர் அரண்மனையைப் பார்க்கவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கட்டாயம் பார்க்கவேண்டும். 1897இல் பழைய மர அரண்மனை தீக்கிரையானது. இன்று நாம் காணும் அரண்மனை 1912இல் கட்டி முடிந்தது. வரைபடம் போட்டவர் ஹென்றி இர்வின். கல்யாண மண்டபத்தின் இரும்புத் தூண்கள் கிளாஸ்கோவிலிருந்து வந்தவை. இவ்வளவும் வழிகாட்டி சொல்வார். கல்லைச் செதுக்கியவர் யார், சுண்ணாம்பு அரைத்தவர் யார், சாரத்தில் ஏறி நின்றவர் யார் என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்காது.

சித்தாள் வேலை பார்க்கும் பெண்ணின் மகள் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகவேண்டும். பதில் கிடைக்கவே கிடைக்காது என்பதில்லை. எகிப்தின் பிரமிடுகளை அரசர்களின் சாதனை என்றே உலகம் நெடுங்காலம் பேசியது. 1990இல் கீசாவில் அவற்றைக் கட்டிய உழைப்பாளர்களின் கல்லறைகள் வெளிப்பட்டன. அவர்கள் தங்கிய குடியிருப்பும் ரொட்டி சுட்ட அடுப்புகளும் தோண்டி எடுக்கப்பட்டன. யாரோ தேடினார்கள், அதனால் கிடைத்தது. துபாயில் 828 மீட்டர் உயரமுள்ள புர்ஜ் கலிஃபா திறக்கப்பட்டதும் அதே 2010 ஜனவரியில்தான். அதைப் பார்க்க உலகமே போகிறது. அதைக் கட்டியவர்களில் பெரும்பாலோர் தெற்காசியாவிலிருந்து பிழைக்கப் போனவர்கள் என்பது நுழைவுச் சீட்டில் அச்சாவதில்லை.

நாம் முன்வைக்கும் மூன்று இடங்கள்

முதலாவது கண்ணம்பாடி. கிருஷ்ணராஜ சாகர் என்றதும் பிருந்தாவனத் தோட்டமும் வண்ண நீரூற்றும்தான் நம் வீட்டில் நினைவுக்கு வரும். தோட்டத்துக்குப் போகுமுன் அணையை ஒரு முறை நின்று பார்க்கவேண்டும். 1911இல் தொடங்கிய வேலை முடிய இருபது ஆண்டுகள் பிடித்தன. நம் நாட்டில் சிமெண்ட் அரிதாக இருந்த காலம் அது. செங்கல் பொடியும் சுண்ணாம்பும் கலந்த சுர்க்கிச் சாந்தால் எழுப்பிய சுவர். விசுவேசுவரய்யாவின் பெயர் நிலைத்தது, நியாயம்தான். கல் சுமந்த ஆயிரக்கணக்கானவர்களின் பெயரும், மூழ்கிப்போன பழைய கண்ணம்பாடி மக்களின் பெயரும் நிலைக்கவில்லை. 1924இல் மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் ஏற்பட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு மேட்டூர் அணை வேலை தொடங்கி 1934இல் முடிந்தது. நம் பிள்ளைகளுக்குக் காவிரி என்றால் 124.80 அடி என்ற எண்ணும் தொலைக்காட்சிச் சண்டையும்தான். அது ஓர் ஆறு என்பதை அவர்கள் கண்ணால் காணட்டும்.

இரண்டாவது, மைசூர் நகருக்குள்ளேயே இருக்கும் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம். 1905இல் தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் ஓர் ஓலைச்சுவடிக் கட்டைக் கொண்டுவந்து இங்கே கொடுத்தார். அதை ஆராய்ந்த நூலகர் ஷாமசாஸ்திரி, அது தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் என்று கண்டார். 1909இல் அச்சில் வந்தது. தஞ்சையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தவரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. தமிழ் மண்ணிலிருந்து இந்த ஊருக்கு வந்தது கூலி உழைப்பு மட்டுமல்ல, அறிவும் வந்தது என்று பிள்ளைகளிடம் சொல்ல அந்தக் கட்டடத்தின் வாசல் போதும்.

மூன்றாவது கோலார் தங்கவயல். தொலைவு அதிகம்தான். ஆயினும் நாம் கட்டாயம் பார்க்கவேண்டிய இடம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வோம். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இறங்கியது. வடார்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்த நம் மக்கள், பெரும்பாலும் சேரி மக்கள், பூமிக்குள் இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. பாறை வெடித்துச் செத்தவர்கள் உண்டு. தூசி நுரையீரலில் படிந்து மெல்ல மெல்லச் செத்தவர்கள் அதைவிட அதிகம். காவிரியின் சிவசமுத்திரத்தில் 1902இல் பிறந்த மின்சாரம் முதலில் போனது இந்தச் சுரங்கத்துக்குத்தான். அரண்மனை நகரான மைசூருக்கு அது வந்தது பிறகே. தசராவில் அரண்மனையில் எரியும் லட்சம் விளக்குகளைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

துயரம் மட்டும்தான் அங்கே இருக்கிறது என்று எண்ணவேண்டாம். கைரேகைப் பதிவு முறையை எதிர்த்து 1930இல் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் அவர்கள். அயோத்திதாசரின் 'தமிழன்' இதழ் அவர் மறைவுக்குப் பின் மீண்டும் வெளிவந்ததும் அந்த மண்ணிலிருந்துதான். சுரங்கத்திலிருந்து ஏறி வந்து விளக்கடியில் ஏடு படித்த மக்கள். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று அங்கே சயனைடு மண்மேடுகளும் விடியுமுன் பெங்களூருக்கு வேலைக்கு ரயிலேறும் கூட்டமும்தான் மிச்சம். 2024இல் வந்த 'தங்கலான்' படத்தைப் பார்த்துவிட்டு நம் இளைஞர்கள் அந்த ஊரைப் பற்றிக் கேட்கிறார்கள். திரையில் பார்த்ததோடு நின்றுவிடாமல் நேரில் போவோம்.

இது குறுகிய பார்வையா?

கன்னட நாட்டில் வாழ்ந்துகொண்டு தமிழர் நினைவிடங்களைத் தேடுவது வம்பை விலைக்கு வாங்குவதாகாதா என்று ஒரு மூத்த தோழர் கேட்டார். அவர் அச்சம் நியாயமானது. 1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வந்ததும் பெங்களூரிலும் மைசூர் மாவட்டத்திலும் தமிழர் குடியிருப்புகள் தாக்கப்பட்டதை நம்மில் பலர் மறக்கவில்லை. சட்டி பானையை விட்டுவிட்டு எல்லை தாண்டி ஓடிய குடும்பங்கள் நம் நடுவிலேயே இருக்கின்றன. அன்று தமிழ்நாட்டில் கன்னடர்கள் அடிபட்டதையும் நாம் மறைக்கக் கூடாது.

ஆனால் அந்தப் பகை எங்கே வளர்ந்தது? ஒருவர் உழைப்பை ஒருவர் அறியாத இடத்தில் வளர்ந்தது. ஆகவே நாம் தனியாகப் போகவேண்டாம் என்கிறோம். பேருந்தில் பத்து இருக்கை நம்மோடு வேலை பார்க்கும் கன்னடத் தோழர்களின் குடும்பங்களுக்கு ஒதுக்குவோம். அணையின் முன் நின்று அவர்கள் ஊர்க் கதையை அவர்கள் சொல்லட்டும், நம் ஊர்க் கதையை நாம் சொல்வோம். அரிசியும் புளியும் சேர்த்து ஒரே அண்டாவில் சமைப்போம்.

முதலில் விடுமுறை

செலவைப் பற்றியும் பேசவேண்டும். கர்நாடக அரசின் சாதாரணப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் போகும் சக்தித் திட்டம் 2023 ஜூன் 11இல் தொடங்கியது. கர்நாடக முகவரியுள்ள அடையாள அட்டை வேண்டும். பத்து ஆண்டு, இருபது ஆண்டு இங்கே உழைத்தும் அட்டையில் இன்னும் சொந்த ஊர் முகவரியே இருப்பதால் நம் தாய்மார்களில் பலர் காசு கொடுத்து ஏறுகிறார்கள். சங்கம் இந்த ஆண்டு செய்யவேண்டிய முதல் வேலை முகவரி மாற்றத்துக்கு உதவுவது.

அதைவிடப் பெரிய தடை விடுமுறை. அரசு ஊழியருக்குச் சுற்றுலா போக விடுப்பும் படியும் உண்டு. தினக்கூலிக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போயிற்று. சம்பளத்தோடு வார விடுமுறை வேண்டும் என்ற கோரிக்கையும் சுற்றுலாவும் வேறு வேறல்ல. நாலு ஊர் பார்க்கும் உரிமையும் உழைப்பவனுக்கு உரிய கூலியில் ஒரு பங்குதான்.

கடைசியாக ஒரு செய்தி. மொரீஷியஸ் நாட்டின் போர்ட் லூயிசில் ஆப்ரவாசி காட் என்று ஓர் இறங்குதுறை உண்டு. 1834 முதல் ஏறத்தாழ ஐந்து லட்சம் ஒப்பந்தக் கூலிகள், நம் தமிழர்களும் அதில் அடக்கம், கப்பலிலிருந்து இறங்கிய இடம் அது. பெரிய கோபுரமோ மாளிகையோ இல்லை. சில கட்டடச் சுவர்களும் தேய்ந்த கற்படிகளும்தான். அந்தக் கூலிகளின் பேரப்பிள்ளைகள் வாழும் நாடு அதைப் போற்றிக் காத்தது. 2006இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

கூலிக்காரன் கால் வைத்த படிக்கட்டு உலகப் பட்டியலில் ஏறியிருக்கிறது. தங்கவயலின் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு அப்படி ஒரு பட்டியலில் இன்று இடமில்லை. அவற்றைக் காக்கவேண்டும் என்று கேட்க, முதலில் நாம் போய்ப் பார்த்திருக்கவேண்டும். வரும் செயற்குழுவில் இந்த ஆண்டுச் சுற்றுலா கண்ணம்பாடி என்றும், அடுத்த ஆண்டு கோலார் தங்கவயல் என்றும் தீர்மானம் கொண்டுவருகிறோம். தோழர்களே, தாய்மார்களே, உங்கள் கருத்தைச் சொல்ல நேரில் வாருங்கள். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.