21-க்கும் 100-க்கும் நடுவுல

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தலைப்பு கொடுக்கிற சீசன் வந்தாச்சு. எந்த டிபார்ட்மென்ட் லிஸ்ட்டை எடுத்தாலும் "விழித்திரைப் படங்களை வைத்து நோயைக் கண்டறிதல்" ரகத்துல ஒண்ணு ரெண்டு கண்டிப்பா இருக்கும். டேட்டாசெட் நெட்ல கிடைக்குது, கோடும் கிடைக்குது. அக்யூரசி 97 சதவீதம்னு ஒரு கிராஃப் போட்டுட்டா வைவாவுல பெருசா கேள்வி வராது. கிண்டலுக்குச் சொல்லல. கண் நோய்னதும் நாம நேரா படத்துக்குப் போயிடறோம், படம் எடுக்கறதுக்கு முன்னாடி அந்தக் கண்ணுக்கு என்ன நடந்துச்சுன்னு கேக்கறதில்ல. குறைமாதக் குழந்தைங்க விஷயத்துல அந்த முன்கதையில பாதிக்கு மேல இன்ஜினியரிங்.

நோயோட பேரு ரெட்டினோபதி ஆஃப் பிரிமெச்சூரிட்டி, சுருக்கமா ஆர்.ஓ.பி. விழித்திரைக்கான ரத்தக்குழாய்கள் கர்ப்பத்தோட 16-ஆவது வாரம் வாக்குல வளர ஆரம்பிக்கும். பார்வை நரம்புகிட்ட தொடங்கி ஓரத்தை நோக்கி, ரோடு போடற மாதிரி மெதுவா போகும். மூக்குப் பக்கம் முடிய 36 வாரம், நெற்றிப்பொட்டுப் பக்கம் முடிய 40 வாரம். 28, 29 வாரத்துல குழந்தை பிறந்துட்டா ரோடு பாதியில நிக்குது. வயித்துக்குள்ள இருந்த ஆக்சிஜனைவிட வெளியில பல மடங்கு அதிகம். அதுக்கும் மேல நாம டியூப் வெச்சுக் கொடுக்கறோம். "இவ்ளோ ஆக்சிஜன் இருக்கே, புதுக் குழாய் எதுக்கு"ன்னு விஇஜிஎஃப்ங்கிற வளர்ச்சிப் புரதம் குறைஞ்சு, வேலை நின்னுடும். சில வாரம் கழிச்சு விழித்திரை வளர்ந்து பசி எடுக்கறப்போ அதே புரதம் எக்கச்சக்கமா சுரந்து, கண்ட இடத்துல குழாய்கள் முளைக்கும். பல குழந்தைகளுக்கு இது தானாவே சரியாயிடும். ஆகாதவங்களுக்கு அது தழும்பாகி விழித்திரையை இழுத்துப் பிரிச்சுடும். பிரிஞ்சுட்டா அனேகமா பார்வை திரும்பாது.

இதை முதல்ல எழுதி வெச்சவர் பாஸ்டன்ல டெர்ரிங்கிற கண் டாக்டர், 1942-ல. அப்போ அமெரிக்காவுல நல்ல, காத்துப் புகாத இன்குபேட்டர்கள் வந்த நேரம். நல்ல ஆஸ்பத்திரிகள்லதான் குழந்தைங்க அதிகமா பார்வை இழந்தாங்க, அதனாலேயே காரணம் பிடிபடல. 1951-ல மெல்போர்ன்ல கேட் கேம்ப்பெல்ங்கிற குழந்தை மருத்துவர் வார்டுகளை ஒப்பிட்டுப் பார்த்து, ஆக்சிஜன் மேல சந்தேகத்தைத் திருப்பினார். அடுத்து அமெரிக்காவுல 18 ஆஸ்பத்திரி சேர்ந்து நடத்தின ஆய்வு அதை உறுதி பண்ணுச்சு. அதுக்குள்ள உலகம் முழுக்க சுமார் 10,000 குழந்தைங்க பார்வை இழந்திருந்தாங்க. 1950-ல குறைமாதத்துல பிறந்த ஸ்டீவி வொண்டர் அதுல ஒருத்தர்.

இனி வர்றதுதான் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்ச எல்லாரும் கவனிக்க வேண்டியது. காரணம் ஆக்சிஜன்னு தெரிஞ்சதும் எல்லா இடத்துலயும் அதை வெட்டிக் குறைச்சாங்க. குருட்டுத்தன்மை குறைஞ்சது. ஆனா குழந்தைங்க மூச்சுக்குத் திணறிச் செத்தாங்க. 1973-ல கிராஸ்ங்கிற ஆய்வாளர் லான்செட்ல ஒரு கணக்கு போட்டார்: ஒரு குழந்தையோட பார்வையைக் காப்பாத்தினதுக்கு விலையா சுமார் 16 குழந்தைங்க இறந்திருக்கலாம். சரி, அப்போ நடுவுல எங்கேயோ ஒரு செட்பாயின்ட் இருக்கணும் இல்லையா? அதைத் தேட இன்னும் நாற்பது வருஷம் ஆச்சு. 2010-ல வெளியான சப்போர்ட் ஆய்வு, 24-லிருந்து 27 வாரத்துக்குள்ள பிறந்த 1,316 குழந்தைகளை ரெண்டு குழுவா பிரிச்சது. ஒரு குழுவுக்கு ரத்த ஆக்சிஜன் அளவு 85-லிருந்து 89 சதவீதம், இன்னொண்ணுக்கு 91-லிருந்து 95. குறைஞ்ச அளவுல உயிர் பிழைச்சவங்கள்ல கடுமையான ஆர்.ஓ.பி. 8.6 சதவீதம்; அதிக அளவுல 17.9. ஆனா இறப்பு, குறைஞ்ச அளவுல 19.9 சதவீதம், அதிகத்துல 16.2. நாலு, அஞ்சு சதவீத இடைவெளிக்குள்ள ஒரு பக்கம் கண்ணு, இன்னொரு பக்கம் உயிர். இதைவிடக் குறுகலான ஒரு ஆபரேட்டிங் ரேஞ்ச் உங்க பாடப் புத்தகத்துல இருந்தா சொல்லுங்க.

அந்த இடைவெளிக்குள்ள யார் பிடிச்சு வைக்கறது? பல குழந்தைகளை ஒரே நேரத்துல பாக்கற ஒரு நர்ஸ். குழந்தை காலை உதறினாலே பல்ஸ் ஆக்ஸிமீட்டர் தப்பா காட்டும், அலாரம் அடிக்கும். அடிச்சுக்கிட்டே இருக்கற அலாரத்தை யாரும் மதிக்கறதில்ல (ஹாஸ்டல் ஃபயர் அலாரம் ஞாபகம் வருதா?). இதுல இன்னொரு சிக்கல், சென்சார் மேல்முனையில குருடு. ரீடிங் 98, 99, 100-ன்னு காட்டறப்போ ரத்தத்துல கரைஞ்சிருக்கற ஆக்சிஜன் கொஞ்சம் அதிகமாவும் இருக்கலாம், மூணு நாலு மடங்கும் இருக்கலாம். எதுன்னு அந்த நம்பர் சொல்லாது. "நூறு காட்டுது, சூப்பர்"னு பக்கத்துல நிக்கற சொந்தக்காரங்க சந்தோஷப்படுவாங்க. குறைமாதக் குழந்தைக்கு ஆக்சிஜன் கொடுக்கறப்போ நூறு நல்ல மார்க் இல்ல.

தலைப்புல இருக்கற ரெண்டு நம்பர் இதுதான். நாம சுவாசிக்கிற காத்துல ஆக்சிஜன் 21 சதவீதம், சிலிண்டர்ல இருந்து நேரா வந்தா கிட்டத்தட்ட 100. ரெண்டையும் கலந்து 30, 40-ன்னு கொடுக்க ஒரு பிளெண்டர் வேணும், கூடவே அழுத்தக் காத்து வேணும். நம்ம நாட்டுல பல சின்ன சென்டர்கள்ல இந்த வசதி போதாது. விளைவு, கொஞ்சம் பெரிய குழந்தைகளுக்கும் இங்க ஆர்.ஓ.பி. வருது. அமெரிக்காவுல பொதுவா 1,500 கிராமுக்குக் கீழ அல்லது 30 வாரம், அதுக்கு முன்னாடி பிறந்தவங்களைத்தான் பரிசோதிக்கறாங்க. நம்ம ஆர்.பி.எஸ்.கே. வழிகாட்டுதல் 2,000 கிராம், 34 வாரம்னு கோட்டை மேல தள்ளி வெச்சிருக்கு. அந்தக் கூடுதல் 500 கிராம் நம்ம பைப்லைன் எப்படி இருக்குங்கறதுக்கான சான்றிதழ்னு நான் எடுத்துக்கறேன்.

பரிசோதனைக்கும் தேதி இருக்கு. பிறந்த 30 நாளுக்குள்ள முதல் கண் பரிசோதனை. ரொம்பச் சின்னதா பிறந்தா இன்னும் முன்னாடி. சிகிச்சை தேவைன்னு தெரிஞ்சா ரெண்டு மூணு நாளுக்குள்ள லேசரோ ஊசியோ போட்டாகணும். கண்ணு வெளியில பார்க்க நல்லாத்தான் இருக்கும், அதனால அம்மா அப்பாவுக்குத் தெரிய வழியே இல்ல. 1996-ல சென்னையில ஒரு அரசு மருத்துவமனையில 29-ஆவது வாரத்துல, 1,250 கிராம் எடையில பிறந்த ஒரு பெண் குழந்தையோட பெற்றோருக்கு இதைச் சொல்லாமலேயே டிஸ்சார்ஜ் பண்ணாங்க. குழந்தைக்குப் பார்வை போயிடுச்சு. 2015 ஜூலை 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது. தீர்ப்பு வர்றப்போ அந்தப் பொண்ணுக்கு வயசு பதினெட்டு.

படத்துக்கும் ஏஐக்கும் இங்க வேலையே இல்லைன்னு சொல்ல வரல. கர்நாடகாவுல நாராயணா நேத்ராலயா 2008-ல ஆரம்பிச்ச கிட்ராப் திட்டத்துல, டாக்டர் போகல, பயிற்சி எடுத்த டெக்னீஷியன்கள் கேமராவைத் தூக்கிட்டு மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்குப் போறாங்க. படம் எடுத்து சிவப்பு, ஆரஞ்சு, பச்சைன்னு பிரிக்கறாங்க. டாக்டர் பெங்களூர்ல உக்காந்து பாக்கறார். கோவை அரவிந்த் கண் மருத்துவமனையும் இதே மாதிரி ஒரு திட்டம் நடத்துது. வெளிநாட்டுக் கேமராவோட விலை தாங்காதுன்னு பெங்களூர் ஃபோரஸ் ஹெல்த் கம்பெனி இதுக்குன்னே ஒரு கேமரா செஞ்சது. கவனிங்க, இவங்க மாத்தினது அல்காரிதத்தை இல்ல, குழந்தைக்கும் டாக்டருக்கும் நடுவுல இருந்த தூரத்தை.

அதனால தலைப்பு இன்னும் சப்மிட் பண்ணாதவங்களுக்கு: மெக்கானிக்கல்காரங்களே, வென்சூரி தத்துவத்துல, கரண்ட் இல்லாம அறைக்காத்தை இழுத்து ஆக்சிஜனோட கலக்கிற மலிவு பிளெண்டர்கள் ஏற்கனவே உண்டு, அதை நம்ம லேப்ல கட்டி, ஃப்ளோ மாறறப்போ சதவீதம் எவ்வளவு ஆடுதுன்னு அளந்து காட்டுங்க. இன்ஸ்ட்ருமென்டேஷன்காரங்களுக்கு அந்த அலாரம். நிஜ வீழ்ச்சி எது, கால் உதறல் எதுன்னு பிரிக்கறது மூணு பேர் ஒரு வருஷம் செய்யற அளவு வேலை. சிஎஸ்காரங்களுக்கு, கர்ப்பம் உறுதியானதும் பிக்மீல பதிவு பண்ணி நம்பர் கொடுக்கற மாநிலம் நம்மது. பிறந்த தேதி, வாரம், எடை மூணும் இருந்தா கண் பரிசோதனைக்கான கடைசித் தேதியைக் கணக்கு போட்டு, அம்மாவுக்குத் தமிழ்ல போன் பண்ணி ஞாபகப்படுத்தறது எவ்வளவு கஷ்டம்? பப்ளிகேஷன் வராதுன்னு கைடு சொல்லலாம். சொல்லட்டும்.

ப்ராஜெக்ட் ஏற்கனவே முடிஞ்சு போனவங்க, சொந்தத்துல யாருக்காவது குறைமாதத்துல குழந்தை பிறந்தா டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிப் பாருங்க. அதுல விழித்திரைப் பரிசோதனைக்குத் தேதி எழுதியிருக்கணும். இல்லைன்னா டியூட்டி டாக்டர்கிட்ட கேட்டு, எழுதி வாங்கிட்டு வீட்டுக்குக் கிளம்புங்க.