காற்றுக்குத் தாய்மாமன் தெரியுமா?

(மூன்றாமாண்டு, இளங்கலைப் பொருளியல்)

ஓர் ஊரின் பெருமையை அறிய அதன் கோபுரத்தைப் பார், குளத்தைப் பார் என்பார்கள் பெரியோர்கள். இன்று அத்தனை தூரம் போக வேண்டியதில்லை. பேருந்து நிலையத்தில் இறங்கி நாற்சந்தியில் நின்றாலே போதும். காது குத்தினால் பேனர், பூப்பெய்தினால் பேனர், மணமுடித்தால் பேனர், மறைந்தாலும் பேனர்! தொட்டில் முதல் சுடுகாடு வரை மனிதனை விடாது தொடர்வது வினைப்பயன் என்று படித்திருக்கிறோம். அந்த வரிசையில் ஃப்ளெக்ஸ் பேனரும் சேர்ந்துவிட்டது என்றால் மிகையில்லை.

பிறரைக் குறை கூறுவது எளிது. ஆகவே என் குற்றத்தை முதலில் கூறிவிடுகிறேன். நானும் பேனர் கட்டியவன்தான். முதலாண்டில் கல்லூரிக் கட்டணத்துக்கும் பேருந்துச் செலவுக்குமாக, எங்கள் ஊரில் ஓர் அச்சுக் கடையில் மாலை நேரங்களில் வேலை பார்த்தேன். சவுக்குக் கம்பு ஊன்றுவதும், சட்டம் அடிப்பதும், கட்டுக்கம்பி முறுக்குவதும் எனக்குத் தெரியும். தொழில் தெரிந்தவர்கள் ஃப்ளெக்ஸைக் கட்டும்போது, ஆங்காங்கே பிறை வடிவில் கீறிவிடுவார்கள். காற்று அதன் வழியே புகுந்து போய்விடும். கீறாவிட்டால் அது பேனர் அல்ல, பாய்மரம்!

ஒருநாள் காதணி விழாப் பேனர் ஒன்றைச் சாலை வளைவில் கட்டினோம். நான் கத்தியை எடுத்தேன். விழா வீட்டுக்காரர் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். “ஏலே, தாய்மாமன் மூஞ்சியையா கிழிக்கப் போற? சீர் செஞ்சவரு பாத்தா என்ன நெனப்பாரு?” என்றார். கத்தி பைக்குள் போயிற்று. அனுமதி வாங்கியாயிற்றா என்று நானும் கேட்கவில்லை, கடைக்காரரும் கேட்கவில்லை. மறுநாள் மாலை ஆடிக் காற்று அடித்தது. காற்றுக்குத் தாய்மாமன் தெரியுமா? சட்டம் பெயர்ந்து, சைக்கிளில் வந்த ஒரு முதியவர் மேல் விழுந்தது. தோள்பட்டை எலும்பு முறிந்தது. மருத்துவமனைக்கு நான் போய்ப் பார்த்தபோது அவர் சொன்னார்: “ஒம்மேல தப்பில்லப்பா. காத்து அடிச்சா நீ என்ன செய்வ?”

அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். காற்றின் மேல் பழி போட்டு நாம் எல்லோரும் தப்பித்துக்கொள்கிறோம் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் 1959ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. அப்போது ஃப்ளெக்ஸ் என்ற சொல்லே இங்கு யாருக்கும் தெரியாது. டிஜிட்டல் பேனர்கள் பெருகிய பிறகு, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கென 2011ஆம் ஆண்டில் தனி விதிகளும் வந்தன. முன்கூட்டியே மனுச் செய்ய வேண்டும், காவல்துறையின் இசைவு வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், அனுமதி விவரத்தைப் பேனரிலேயே அச்சிட வேண்டும் என்றெல்லாம் விதித்தார்கள். எத்தனை பேனரின் அடியில் அனுமதி எண்ணைக் கண்டிருக்கிறோம்? வாழ்த்துவோர் பட்டியலில் ஐம்பது பெயருக்கு இடம் இருக்கிறது, ஓர் எண்ணுக்கு இடமில்லை!

அந்த எண்ணுக்காக வாழ்நாளெல்லாம் போராடிய ஒருவரையும் நாம் மறக்கக் கூடாது. 2021ஆம் ஆண்டு மே மாதம் மறைந்த டிராஃபிக் ராமசாமி அவர்கள், அனுமதியற்ற பேனர்களை எதிர்த்து நீதிமன்றத்தின் படிகளை ஏறி ஏறித் தேய்ந்தவர். தெருவில் நின்று தம் கையாலேயே பேனரைக் கிழித்தவர். நாம் அவரை வேடிக்கை பார்த்தோம், துணைக்குப் போகவில்லை.

வேடிக்கை பார்த்ததன் விலையை நாடறியும். 2017 நவம்பரில் கோவை அவிநாசி சாலையில், விழாவுக்காக எழுப்பிய அலங்கார வளைவில் மோதி ஓர் இளம் பொறியாளர் உயிரிழந்தார். 2018 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் மாநிலமெங்கும் பேனர் வைக்க இடைக்காலத் தடை விதித்தது. அந்தத் தடை இருக்கும்போதே, 2019 செப்டம்பர் 12ஆம் நாள், சென்னை பள்ளிக்கரணையில் திருமண வரவேற்புப் பேனர் ஒன்று, வேலை முடிந்து ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்த 23 வயதுப் பெண் பொறியாளர் மேல் விழுந்தது. நிலை தடுமாறிச் சாய்ந்தவர் மேல் தண்ணீர் லாரி ஏறியது. இனிப் பேனர் வைக்க மாட்டோம் எனக் கட்சிகள் பலவும் அறிவித்தன. அந்த அறிவிப்புகளுக்கு ஆயுள் எத்தனை நாள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. நாற்சந்தியே சொல்லும்.

கட்டுகிறவனின் உயிரும் உயிர்தான். 2023 ஜூன் மாதம் கோவையை அடுத்த கருமத்தம்பட்டியில், விளம்பரப் பலகைக்கான இரும்புச் சாரம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் மாண்டார்கள். கம்பு பிடித்த கை என்பதால் அச்செய்தி என்னை உறங்கவிடவில்லை.

அப்படியானால் பேனரே கூடாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் ஒரு துப்புரவுத் தொழிலாளியின் மகள் பள்ளித் தேர்வில் முதலிடம் பெற்றாள். அவள் படத்தைத் தெருமுனையில் வைத்தபோது, அந்தத் தாய் நாளுக்கு நான்கு முறை அவ்வழியே நடந்து போனதை நான் கண்டேன். ஏழைக்கும் தன் முகத்தைத் தெருவில் காண ஆசை உண்டு. தடை என்று வந்தால் முதலில் அகற்றப்படுவது அவள் பேனர்தான். முப்பது அடி உயரத்தில் சிரிப்பவர்களை எந்த ஊழியர் தொடுவார்? கண்டிப்பு எளியவனுக்கும் கண்ணோட்டம் வலியவனுக்கும் என்றால் அதன் பெயர் விதியா?

ஆகவே எனக்குத் தோன்றும் வழிகளைக் கூறுகிறேன். சிறு பேனருக்கு, ஒரே மனுவில், ஒரே நாளில், குறைந்த கட்டணத்தில் உள்ளாட்சி அலுவலகமே அனுமதி தரட்டும். நான்கு அலுவலகம் அலைய வேண்டுமென்றால், ஒருநாள் கூலியை இழக்க முடியாதவன் விதியை மீறவே செய்வான். அனுமதி எண் இல்லாத எதையும் அச்சுக் கடை அச்சிடக் கூடாது. நூறு பேனரைத் தேடிப் பிடிப்பதைவிட ஒரு கடையைக் கண்காணிப்பது எளிதல்லவா? சாலை வளைவிலும் நடைபாதையிலும் நடுத்திட்டிலும் யாருக்கும் இடமில்லை என்றால் உண்மையிலேயே யாருக்கும் இருக்கக் கூடாது. வைப்புத்தொகை வாங்கிக்கொண்டு, குறித்த நாளில் அகற்றியவருக்கே அதைத் திருப்பித் தரட்டும். காற்றுக்கு வழி கீறாத ஃப்ளெக்ஸை ஏற்றவே கூடாது, அது எவருடைய முகமாக இருந்தாலும்!

இறுதியாக, மாணவத் தோழர்களே, ஊருக்கு உபதேசம் செய்யுமுன் நம் வாயிலைப் பார்ப்போம். சென்ற ஆண்டு நம் கல்லூரி ஆண்டு விழாவுக்கு நுழைவாயிலின் இருபுறமும் நாம் வைத்த பேனர்களுக்கு அனுமதி எண் உண்டா? அவை மழையில் நைந்து, நடப்பவர் காலில் சிக்கும்வரை நாம் அகற்றினோமா? இவ்வாண்டு துணியில் எழுதி, கல்லூரிச் சுவருக்கு உட்புறமாக ஒரே ஒரு பதாகை கட்டுவோம். நுண்கலை மன்றத்தில் தூரிகை பிடிப்போர் பலர் இருக்கிறார்கள். கம்பு ஊன்ற நான் வருகிறேன்.

அந்த முதியவரின் தோள் இன்னும் முழுதாக உயரவில்லை. சைக்கிளை இப்போது உருட்டிக்கொண்டுதான் போகிறார். என்னைக் கண்டால் சிரிக்கிறார். நான்தான் தலை குனிந்துகொள்கிறேன்.