உழைப்பும் பங்குதான்

பத்தமடைப் பேரூராட்சியில் பாய் நெய்யும் பெண்கள் கோரைத் தண்டைச் சன்னமாகக் கீறி, கட்டுக்கட்டாக ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். ஊறி உப்பினால்தான் பட்டுப்போன்ற பாய் கிடைக்கும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற பாய் அது. அந்த நீர் ஓடும் கன்னடியன் கால்வாயில் சாக்கடையும் பாலித்தீன் பைகளும் கலந்தால் முதலில் அடிவாங்குவது அந்தப் பெண்களின் பிழைப்பு. அதனால், அந்தக் கால்வாயைக் காக்கும் பணியை அவர்கள் கையிலேயே கொடுங்கள் என்கிறேன்; பணத்தோடு கொடுங்கள்.

ஊர்ப்பணிச் செலவில் மக்களும் பங்கேற்கும்படி 1997-இல் வந்த 'நமக்கு நாமே' திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் அந்தப் பங்கை மக்கள் ரொக்கமாகத் திரட்ட வேண்டும் என்றால், வசதியுள்ள தெருவுக்குப் பூங்கா வரும். பாய் நெய்பவர் தெருவுக்கு எது வரும்? பாசனதாரர்களே நீர்நிலைகளைச் சீர்செய்யும் முறையாக 2017-இல் அரசு மீட்டெடுத்த குடிமராமத்தில் பாசனதாரர் பங்கு பத்து சதவீதம். அதை உடலுழைப்பாகவும் தர முடிந்தது. அந்த வழியைப் பேரூராட்சிகளுக்கும் கொண்டுவர என்ன தடை?

தூர்வார ஒருமுறை நிதி ஒதுக்கிப் படமெடுத்துக்கொண்டால் போதாது. அடுத்த மழைக்குள் குப்பை மறுபடி சேரும். குப்பையைத் தரம்பிரிக்கும் மகளிர் குழுவுக்கு மாதச் சம்பளமும், மதகுக்கு மதகு கம்பிவலை போட்டுப் பராமரிக்கும் செலவும் பேரூராட்சியின் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பாகவே இடம்பெற வேண்டும்.