கல்லுக்கு முதுகைக் காட்டி நிற்கும் கல்வி

சில ஆண்டுகளுக்கு முன்னர் கொழும்பு தேசிய நூதனசாலையில் நான் கண்ட ஒரு காட்சி இன்றுவரை என்னை உறுத்திக்கொண்டிருக்கின்றது. கல்விச் சுற்றுலாவில் வந்த தமிழ் மாணவர்கள் சுமார் 40 பேர். ஒவ்வொருவர் கையிலும் அச்சிட்ட வினாத்தாள். பிள்ளைகள் எவரும் பொருட்களைப் பார்க்கவில்லை. பொருளுக்குப் பக்கத்தில் இருந்த விளக்கப் பலகையைப் பார்த்து, ஆண்டையும் பெயரையும் பிரதி செய்துகொண்டிருந்தார்கள். காலி மும்மொழிக் கல்வெட்டின் முன்னால் ஒரு சிறுமி மட்டும் நின்றுவிட்டாள். "சேர், ஏன் மூன்று சாமிக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு காணிக்கை?" என்று கேட்டாள். ஆசிரியர் தாளைப் பார்த்தார். "அது இதில் இல்லை பிள்ளை, நேரம் போகுது, வா" என்றார்.

அந்த ஆசிரியரைக் குறைகூறுவது எனது நோக்கமன்று. அவரிடம் ஒரு பேருந்தும் 40 பிள்ளைகளும் மாலைக்குள் பார்த்து முடிக்கவேண்டிய மூன்று இடங்களும் இருந்தன. ஆனால், அன்று அந்த மண்டபத்தில் கேட்கப்பட்ட ஒரேயொரு உண்மையான வரலாற்று வினா, வினாத்தாளில் இல்லை என்ற காரணத்தினால் தள்ளப்பட்டது. நமது கல்வியின் நோய் முழுவதும் அந்த ஒரு வசனத்தில் அடங்கியிருக்கின்றது.

அச்சிறுமி எதைக் கண்டாள் என்று பாருங்கள். 1409 ஆம் ஆண்டைக் கொண்ட அக்கல்வெட்டு, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் பயணங்களோடு தொடர்புடையது. சீனமொழிப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாரையும் போற்றுகின்றன. மிகவும் சிதைந்துள்ள பாரசீகப் பகுதி இஸ்லாத்தைச் சார்ந்தது. பொன் 1000, வெள்ளி 5000 என்று காணிக்கைகள் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. ஒரு பேரரசு இன்னொரு நாட்டின் கரையில் மூன்று சமூகங்களை மூன்று மொழிகளில் ஏன் விளிக்கவேண்டும்? அக்கரையின் வணிகத்தில் யார் யார் இருந்தார்கள்? சிங்களம் ஏன் அதில் இல்லை? பக்தியா, வியாபாரமா, அதிகாரமா? பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விவாதிக்கும் இவ்வினாக்களின் வாசலை அச்சிறுமி தானாகவே தட்டினாள். நாம் திறக்கவில்லை.

வினாத்தாளில் என்ன இருந்தது என்று எட்டிப் பார்த்தேன். "இக்கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்ட ஆண்டு எது?" விடை, 1911. பிள்ளைகள் எழுதினார்கள். காலியில் ஒரு மதகை மூடும் கல்லாக அது கிடந்தது என்பதைக்கூட அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. மும்மொழியில் எழுதிய கல்லை ஒரு சமூகம் எப்போது மறந்து மதகுக்குப் போட்டது என்று கேட்டிருந்தால், வரலாறு அங்கேயே தொடங்கியிருக்கும்.

இவ்விடத்தில் நானும் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். பத்திரிகையில் சிறுவர் பகுதியைப் பல காலம் பொறுப்பேற்று நடத்தியவன் நான். "கொழும்பு நூதனசாலையை அமைத்த தேசாதிபதி யார்? எந்த ஆண்டு?" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். சேர் வில்லியம் கிரகரி, 1877 என்று தபாலட்டையில் எழுதிய பிள்ளைகளுக்குப் பரிசும் அனுப்பியிருக்கிறேன். அறிவு வளர்த்ததாக அன்று எண்ணினேன். தபாலட்டை எழுதப் பழக்கினேன் என்பதே உண்மை.

நூதனசாலையை வகுப்பறைக்குள் கொண்டுவரும் வினாக்களை நான் எதிர்க்கவில்லை. அவை வேண்டும் என்றே வாதிடுகிறேன். ஆனால் அத்தகைய வினாவுக்கு ஓர் எளிய பரீட்சை உண்டு. பொருளைப் பார்க்காமலே விடையளிக்க முடியுமானால், அது நூதனசாலை வினா அன்று.

கணித ஆசிரியருக்கும் இதில் வேலை இருக்கின்றது. கண்டி மன்னரின் சிம்மாசனம் 1693 இல் ஒல்லாந்தர் கொடுத்த அன்பளிப்பு. 1815 இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1934 இல் திரும்பி வந்தது. அந்நியர் கையில் இருந்த ஆண்டுகள் எத்தனை? 119. 1765 இல் ஒல்லாந்தர் கண்டியில் சூறையாடிய பீரங்கியைத் திருப்பித் தருவதென்று நெதர்லாந்து அறிவித்தது 2023 இல். எத்தனை ஆண்டுகள்? 258. கழித்தல் கணக்கோடு நின்றுவிட்டால் அதுவும் மனனமே. அடுத்த வினாவையும் கேளுங்கள். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கண்டெடுக்கப்பட்ட பொன்முலாம் பூசிய தாரா சிலையை, தேசாதிபதியாயிருந்த பிறவுண்றிக் 1830 இல் பிரித்தானிய நூதனசாலைக்குக் கொடுத்தார். அது இன்றும் இலண்டனிலேயே இருக்கின்றது. ஒன்று திரும்பி வந்தது, மற்றொன்று வரவில்லை. ஏன்? இதற்கு அடைப்புக்குறிக்குள் விடை எழுத இயலாது. வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதிடும். அதுதான் வேண்டும்.

இது வெறும் கற்பித்தல் முறை பற்றிய தகராறு அன்று. தொல்பொருள் என்ற சொல்லே காணியையும் வழிபாட்டையும் தீர்மானிக்கும் ஆயுதமாகிவிட்ட நாடு இது. கந்தரோடையை எடுத்துக்கொள்ளுங்கள். போல் பீரிஸ் 1917 இலும் அதையடுத்த ஆண்டுகளிலும் ஆராய்ந்த இடம். அங்குள்ள சிறிய தூபிகளைக் காட்டி, பௌத்தம் இருந்தது, ஆகவே சிங்களவர் இருந்தார்கள் என்கிறது ஒரு தரப்பு. நம்மவரில் சிலரோ, சங்கடத்தினால் அத்தூபிகளைப் பற்றிப் பேசுவதையே தவிர்க்கிறார்கள். மணிமேகலை என்ற பௌத்த காப்பியத்தைத் தன் மொழியில் வைத்திருக்கும் இனத்துக்கு ஏன் இந்தக் கூச்சம்? "ஒரு வழிபாட்டுச் சின்னம், அதைக் கட்டியவர்கள் பேசிய மொழியைச் சொல்லுமா? சொல்வதற்கு வேறு என்ன சான்று தேவை?" இந்த ஒரு வினாவைப் பத்தாம் வகுப்பில் ஒழுங்காக விவாதித்த பிள்ளையை, சிங்களப் பிள்ளையாயினும் தமிழ்ப் பிள்ளையாயினும், எந்த மேடைப் பேச்சாளரும் எளிதில் ஏமாற்ற முடியாது. அதே கந்தரோடையில் உரோம நாணயங்கள் கிடைத்தன என்பதற்காக, உரோமர் யாழ்ப்பாணத்தில் குடியிருந்தனர் என்று எவரும் முடிவுகட்டுவதில்லை. நாணயம் கைமாறிக் கைமாறி வரும் என்று பிள்ளைக்குத் தெரியும். சான்று வேறு, அனுமானம் வேறு என்ற பாடம் இதுவே.

புலம்பெயர்ந்த நமது உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. தமிழ்ப் பாடசாலைகளின் பொது அறிவுப் போட்டிகளில் "உலகின் முதல்", "மிகத் தொன்மையான" என்று தொடங்கும் வினாக்களே மலிந்து கிடக்கின்றன. பெருமிதம் பிழையன்று. ஆனால் "எப்படித் தெரியும்?" என்று கேட்கத் தெரியாத பெருமிதம், வெள்ளைக்காரச் சிநேகிதன் ஒருவன் கேட்கும் முதல் கேள்வியிலேயே உடைந்துபோகும். அப்பிள்ளை அன்றிலிருந்து தமிழ் வகுப்பில் கற்றது எதையும் நம்பாது.

வன்னியிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் கொழும்புக்கு வர யாருக்கு வசதி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. யாழ்ப்பாணம் நாவலர் வீதி நூதனசாலைக்குக்கூட வரமுடியாத பிள்ளைகள் உண்டு. அவர்கள் வீட்டிலிருந்தே தொடங்கலாம். அம்மம்மாவின் பாக்குவெட்டி, நெல் அளந்த கொத்து, இடப்பெயர்வின்போது எடுத்துச்சென்ற, இன்று வீடே இல்லாத ஒரு வீட்டின் திறப்பு. ஒரு மேசையில் வையுங்கள். இது எதனால் செய்யப்பட்டது? எங்கே தேய்ந்திருக்கின்றது? யாருடைய கை பட்டது? கொத்தில் எத்தனை கிராம் அரிசி பிடிக்கும், அளந்து சொல். அறிவியலும் கணிதமும் வரலாறும் அந்த மேசையிலேயே இருக்கின்றன. ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலுக்கு இது உதவாது என்று பெற்றோர் முறைப்பாடு செய்யக்கூடும். பொருளை உற்றுப் பார்த்துக் காரணம் சொல்லப் பழகிய பிள்ளை எந்தப் பரீட்சையில் தோற்றுப்போகும் என்று அவர்களைத் திருப்பிக் கேளுங்கள்.

ஆகவே ஆசிரியர்களிடம் எனது வேண்டுகோள் மிகச் சிறியது. அடுத்த கல்விச் சுற்றுலாவுக்கு 25 வினாக்கள் அச்சிடாதீர்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பொருள், அதன் முன்னால் பத்து நிமிடம், அதன்பின் பிள்ளையே எழுதும் மூன்று வினாக்கள். விடை தெரியாத வினாவுக்கு அதிக புள்ளி கொடுங்கள். திரும்பிவரும் பேருந்தில் அவ்வினாக்களை வாசியுங்கள்.

அந்தச் சிறுமி இன்று வளர்ந்திருப்பாள். அவள் அன்று கேட்ட கேள்விக்கு யாரேனும் பின்னர் செவிகொடுத்தார்களா என்பது எனக்குத் தெரியாது. கல் அதே மண்டபத்தில்தான் இருக்கின்றது. கேட்பதற்கு அடுத்த பேருந்தில் வருகிற பிள்ளையையாவது விடுங்கள்.